சங்கக்கடை மேனேஜரின் ராணுவ சேவை

எங்கள் தெருவில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தொட்டுவிட்டுத்தான் போகும். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் இந்தக் காலனிக்கு நான் குடிவந்தபோது என்னை யாருக்கும் தெரியாது. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் என்ற செய்தி கசிந்த மறுவாரமே பட்டா மாறுதலோடு ஒருவர் வந்தார். அடுத்து வாரிசுச் சான்றிதழ், அதற்கடுத்து மின் இணைப்புப் பெயர் மாற்றம். அரசாங்கம் உங்களை விட்டுவிட்டது, நீங்கள்தான் அதை விடமாட்டேன் என்கிறீர்கள் என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். எனக்குப் படிவங்களைப் பிடிக்கும்.

என் வேலைமுறை எளிது. வந்தவரை உட்காரவைத்து, கையெழுத்து வேண்டிய இடங்களில் எல்லாம் முதலில் பென்சிலால் பெருக்கல் குறி போடுவேன். அவர் கையெழுத்துப் போடுவார், காபி குடிப்பார், போய்விடுவார். மீதியை நான் நிரப்புவேன். விண்ணப்பதாரர் பக்கத்தில் இருந்தால் வேலை நடக்காது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கதை சொல்வார். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே, கேட்டதற்கு மேல் ஒரு சொல்கூட எழுதாதே. அலுவலகத்தில் நான் கற்றுக்கொண்டு வெளியே கொண்டுவந்தது இவ்வளவுதான். இதைக் கடைப்பிடித்ததால் நான் நிரப்பிய மனு எதுவும் திரும்பி வந்ததில்லை. ஒன்றே ஒன்று மட்டும் போய்ச் சேருவதற்கு முன்பே திரும்பிவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த மனுவுக்குச் சொந்தக்காரர் அடுத்த தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். இலங்கைக்காரர், வன்னிப் பக்கம். வயது எழுபத்தொன்று. மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தின் பலசரக்குக் கடையை இருபது வருடம் நடத்தியவர். அதை அங்கே சங்கக்கடை என்பார்கள், நடத்துகிறவரை மேனேஜர் என்பார்கள். எங்கள் காலனியிலும் அவர் மேனேஜர்தான். எந்த வங்கியில் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தன் நாட்டுப் பாஸ்போர்ட்டோடு முறையாக வந்தவர். இங்கே தங்குவதற்கான அனுமதியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், அந்த வேலையில்தான் எனக்குப் பழக்கமானார். காலையில் ஏரிப் பக்கம் சேர்ந்து நடப்போம். அவர் என்னை ஐயா என்பார், நான் அவரை மேனேஜர் என்பேன்.

அவருக்கு ஒரே மகள். சண்டைக் காலத்தில், அவளுக்கு இருபத்தொரு வயதாக இருந்தபோது, கனடாவுக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு பதினெட்டு வருடமாக நேரில் பார்க்கவில்லை. அங்கே அவளுடைய காகிதங்கள் சரியாவதற்குள் பாதி வருடங்கள் போய்விட்டன. பிறகு கல்யாணம், தங்காத கர்ப்பங்கள், பயணம் கூடாது என்ற மருத்துவர்கள். முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, குறைமாதத்தில், இரண்டு கைக்குள் அடங்குகிற அளவில். இரண்டு வயதாகும்வரை அதை விமானத்தில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே தாத்தாதான் போக வேண்டும். தாத்தாவுக்கோ நெஞ்சில் ஏற்கெனவே இரண்டு ஸ்டென்ட்.

"ரெண்டு வயசு வரைக்கும் நான் இருப்பன் எண்டு அந்தப் பிள்ளைக்கு ஆர் உறுதி குடுக்கிறது, ஐயா?" என்று சிரித்துக்கொண்டே விசா படிவங்களை என் மேசையில் வைத்தார்.

வழக்கம்போலக் குறி போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டு, காபி குடித்து, போய்விட்டார். நான் நிரப்பிக்கொண்டே வந்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு கேள்வி: நீங்கள் எப்போதாவது ராணுவத்திலோ, துணைப்படையிலோ, ஊர்க்காவல் அமைப்பிலோ பணியாற்றியதுண்டா? உண்டு, இல்லை என்று பக்கத்திலேயே இரண்டு கட்டங்கள். யோசிக்காமல் 'இல்லை'யில் குறி போட்டேன் என்று எழுதினால் எனக்குச் சௌகரியம். ஆனால் அரை நொடி யோசித்தேன். "நாங்களும் கொஞ்சக்காலம் காவலுக்கு நிண்டனாங்கள்" என்று ஒருநாள் நடக்கும்போது அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அதனால்தான் 'இல்லை'யில் குறியைச் சற்று அழுத்தியே போட்டேன்.

மறுநாள் காலை கேம்ப் ரோட்டில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு இருவரும் போனோம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புவது அந்தக் கடை அக்காவின் வேலை. ஒருமுறை யாருடைய பிறந்த தேதியையோ மாற்றி அடித்து நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டதிலிருந்து, எதையும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார்.

"பேரு சரியா போட்டுகீதான்னு பாருங்க. அப்பா பேரு? அட்ரஸ்? சரி. டிபி இருந்துச்சா, இல்ல. மிலிட்டரில இருந்தீங்களா, இல்ல. போலீஸ் கேஸு எதுனா, இல்ல. அவ்ளோதான், தாத்தா கிளீனு. அனுப்பிடட்டா?"

"பொறுங்கோ தங்கச்சி," என்றார் மேனேஜர். "நடுவில ஒண்டு வாசிச்சியள். இன்னொருக்கா வாசியுங்கோ."

"இன்னாது, மிலிட்டரியா? இல்லன்னு போட்டுகீது."

"அது பிழை."

அக்கா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "இன்னா சார் இது? தாத்தா மிலிட்டரியா?"

"அதெல்லாம் இல்லம்மா. நீ அனுப்பு," என்றேன்.

"அனுப்பாதேங்கோ," என்றார் மேனேஜர்.

"நான் பாட்டுக்கு அனுப்பிட்டு அப்பால என்னைப் போட்டு பேஜார் பண்ணுவீங்க. ரெண்டு பேரும் வெளியே போய் டீ குடிச்சிகினு ஒரு முடிவுக்கு வாங்க. அதுக்குள்ள நான் நாலு ஆதாரை முடிச்சிடுறேன்."

பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அவருக்கு நடைமுறையை விளக்கினேன். அவர் காவலுக்கு நின்ற இயக்கம் கனடாவின் தடைப்பட்டியலில் இருக்கிறது. 'உண்டு' என்று ஒரு குறி விழுந்தால் மனு வழக்கமான மேசையை விட்டு வேறொரு மேசைக்குப் போகும். அங்கிருந்து திரும்பி வர ஒரு வருடம் ஆகலாம், வராமலே போகலாம்.

"பேத்தியப் பாக்கணுமா, வேண்டாமா?"

"பாக்கத்தானே வேணும்."

"அப்ப 'இல்லை'தான் பதில். உங்களுக்கு அப்ப என்ன வயசு?"

"அம்பத்தி நாலு."

"அம்பத்தி நாலு வயசுல எவனாவது சிப்பாயா இருப்பானா? எத்தனை மாசம் இருந்தீங்க?"

"நாலு மாதம்."

"யாரையாவது சுட்டீங்களா?"

"ஒருக்கா ஒரு மாட்டைச் சுடப் பாத்தனாங்கள். பத்தைக்குள்ள அசைஞ்சுது. நல்லகாலம், துவக்கு வெடிக்கேல்லை."

"இதுக்குப் பேரு ராணுவ சேவையா, மேனேஜர்?"

"கேள்வி அப்பிடித்தானே கேக்குது," என்று சொல்லிவிட்டு, முதல்முறையாக முழுக் கதையையும் சொன்னார்.

சண்டை நெருங்கிய காலத்தில், வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று இயக்கத்தார் ஊரில் கேட்டு வந்திருக்கிறார்கள். தச்சர் ஒருவர் வீட்டில் ஒரே ஒரு மகள், பதினேழு வயது. அவளுக்குப் பதிலாகத் தச்சர் போய் நின்றார். அவருக்கு ஐம்பத்தெட்டு. இந்தத் தச்சரும் மேனேஜரும் ஒரு கணக்கு வாத்தியாரும் கோயில் மணியகாரரும் இருபது வருடமாகச் சாயங்காலம் தோறும் சங்கக்கடையின் பின்பக்கம் சீட்டாடுகிறவர்கள். முன்னூற்று நாலு என்று அங்கே ஓர் ஆட்டம் உண்டு. இருவர் ஒரு கூட்டு, எதிரே இருவர் ஒரு கூட்டு. மூன்று பேர் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தச்சர் போன மறுநாள் காலை மற்ற மூவரும் ஆளுக்கொரு பையோடு போய் வரிசையில் நின்றார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்கள் வீடுகளிலிருந்து எடுக்கவும் இளையவர்கள் யாரும் மிச்சம் இல்லை.

"சீட்டாடறதுக்காகவா சண்டைக்குப் போனீங்க?"

"அவனைத் தனிய விடேலாது, ஐயா. துருப்பு எது எண்டு அவனுக்குக் கடைசி வரைக்கும் நினைவிராது. அப்பிடிப்பட்டவனைத் தனியச் சண்டைக்கு விடுறதோ?"

நால்வரையும் ஒரே பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு, காவல் போட்டார்கள். பொறுப்பாளராக வந்த இருபத்திரண்டு வயதுக்காரன் எட்டாம் வகுப்பில் வாத்தியாரிடம் கணக்கில் கோட்டை விட்டவன். "ஐயாமார், கோவிக்காதேங்கோ, ஒருக்கா வரிசையில நில்லுங்கோ" என்பதுதான் அவனால் போட முடிந்த உச்சபட்சக் கட்டளை. நிற்பார்கள். வரிசை கோணலாக இருக்கிறது என்று வாத்தியார் அவனையே திருத்துவார். ஊரில் இவர்களுக்குக் கிழட்டுப் பட்டாளம் என்று பெயர். நாலு பேருக்கு ஒரே துப்பாக்கி, அவர் பாஷையில் துவக்கு. அதுகூடப் பரவாயில்லை, தூரத்தில் வருவது தெரிகிற மாதிரியான மூக்குக்கண்ணாடியும் நாலு பேருக்கு ஒன்றுதான். அது மணியகாரருடையது, மற்றவர்களுக்கும் ஏறக்குறையப் பொருந்தியது. எனவே முறை மாறும்போது துவக்கோடு கண்ணாடியையும் ஒப்படைக்க வேண்டும் என்று வாத்தியார் விதி வகுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார். மற்ற மூவரும் தூரத்தில் வருவது எதிரியா பொறுப்பாளரா என்று தெரியாமல், நாலாவது ஆளின் முறை முடியட்டும் என்று சீட்டைக் கலைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வாத்தியாரின் அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. பொருளை ஒப்படைத்தவர் யார், ஏற்றவர் யார் என்பது தெரியாமல் எந்த அலுவலகமும் நடக்காது.

கதை அந்த இடத்தோடு முடிந்திருந்தால் நான் சிரித்துக்கொண்டே உள்ளே போய் 'இல்லை'யை அனுப்பச் சொல்லியிருப்பேன். ஒருநாள் கண்ணாடியின் ஒரு பக்கத் திருகாணி கழன்று விழுந்துவிட்டது. அந்த அளவு திருகாணி சங்கக்கடையில் எந்த டப்பாவில் கிடக்கிறது என்பது மேனேஜருக்குத்தான் தெரியும். கண்ணாடியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார். டப்பாவைத் தேடி, ஆணியை முடுக்கிக்கொண்டு திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. வந்தபோது பங்கர் இல்லை. ஷெல் விழுந்திருந்தது. இதைச் சொல்லும்போது அவருடைய குரல் மாறவில்லை. டீ டம்ளரை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உண்டோ இல்லையோ எண்டு கேக்கிறான். நான் ஒருத்தன்தான் மிச்சம், ஐயா. நான் இல்லை எண்டு எழுதினால் அந்த மூண்டு பேரும் ஆரோட நிண்டவை?"

எனக்குத் தெரிந்த இன்னொரு வழியையும் சொல்லிப் பார்த்தேன். "வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனாங்கன்னு எழுதுவோம். பொய்யும் முழுசா இல்ல. அப்படி எழுதினா வேற மாதிரி பாப்பாங்க."

"தச்சனுக்கு அப்பிடி எழுதலாம். எங்களை ஆரும் வெருட்டேல்லை. நாங்களாத்தான் போனனாங்கள்."

"பேத்தி?"

டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "கேட்டுப் பாப்பம். விடாட்டி ரெண்டு வயசு வரைக்கும் உசிரோட இருந்து பாப்பம்."

உள்ளே போய், இன்றைக்கு அனுப்ப வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவியிடமிருந்து ஆறுதல் கிடைக்கவில்லை. "அவர் வாழ்க்கையில நடந்ததா இல்லையான்னு அவரைக் கேக்காமலே டிக் போட்டீங்களா? நல்ல ஆபீசர்தான் போங்க." அன்று மாலை கனடாவிலிருந்து மகள் எனக்கே போன் செய்தாள்.

"அங்கிள், அப்பாக்கு விசர். நீங்கள் இல்லை எண்டே போட்டு அனுப்புங்கோ. ஆர் போய்ப் பாக்கப்போறான்? பிள்ளையைக் காட்டாமலே அப்பாவைச் சாகக் குடுக்கச் சொல்லுறியளோ?"

அன்று காலைவரை நானும் அவள் கட்சிதான். கையெழுத்து அப்பாவுடையது, அவர் சொல்வதைத்தான் எழுத முடியும் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்குள் பழைய கண்காணிப்பாளர் விழித்துக்கொண்டார். 'உண்டு' என்று எழுதுவது என்றால் அதையாவது ஒழுங்காக எழுத வேண்டும். சொல்வதற்கு ஆதாரம் என்ன, சாட்சி யார்? மேனேஜரிடம் கேட்டேன்.

"தச்சன்ர பெட்டை இருக்கிறாள். வவுனியாவில. ரெண்டு பிள்ளையள். டீச்சரா இருக்கிறாள்."

"உயிரோட இருக்காளா? இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அந்தப் பெண்ணோடு பேசினோம். ஒரே வாரத்தில் ஊரில் சமாதான நீதவான் முன்னால் பிரமாணப் பத்திரம் எழுதி, முத்திரையோடு அனுப்பிவைத்தாள். தனக்காகத் தகப்பன் போனார், தகப்பனுக்காக இந்த மூவரும் போனார்கள் என்று இரண்டு பத்தியில் முடித்திருந்தாள். என் சர்வீஸில் எத்தனையோ பிரமாணப் பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். திருத்தம் தேவைப்படாதது அது ஒன்றுதான்.

புதிய மனுவை மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரப்பினேன். 'உண்டு' என்று குறி போட்டு அனுப்பிய இரண்டு மாதத்தில், எதிர்பார்த்தபடியே இன்னொரு படிவம் வந்தது. முழுக்க ராணுவ சேவை பற்றிய விவரங்கள். மறுபடியும் என் மேசையில் உட்கார்ந்தோம். என் மனைவி அடுப்படி வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"வகித்த பதவி?" என்றேன்.

"ஐயா."

"அது மரியாதை, மேனேஜர். பதவி கேக்கறான்."

"நாங்கள் எல்லாரும் ஐயாதான். பொறுப்பாளர் மட்டும் தம்பி."

பதவி நிலைகள் இல்லை என்று எழுதினேன்.

"பெற்ற பயிற்சி?"

"மூண்டு நாள். ரெண்டு நாள் ஓட்டம். மூண்டாம் நாள் மணியகாரருக்கு நெஞ்சு நொந்ததால நிப்பாட்டிப்போட்டினம்."

"ஈடுபட்ட மோதல்கள்?"

"மாட்டைப் போடுவமோ?"

"வேண்டாம்."

"மாட்டைப் போடுங்க," என்றாள் என் மனைவி. "நடந்ததுதானே?"

"விலகிய காரணம்?" என்று அடுத்ததற்குப் போனேன். முன்பென்றால் மருத்துவக் காரணம் என்று நானே எழுதியிருப்பேன். ஆனால் பேனாவை எடுக்காமல் காத்திருந்தேன்.

"மூண்டு பேர் செத்துப்போச்சினம். நான் ஒருத்தன் நிண்டு என்ன செய்யிறது எண்டு வந்திட்டன். அப்பிடியே எழுதுங்கோ."

அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது என்று கட்டத்தில் குறிப்பிட்டுவிட்டு ஒரு முழுத்தாள் எழுதினேன். நாலு பேர், ஒரு துவக்கு, ஒரு கண்ணாடி, திருகாணி, சீட்டாட்டம் எல்லாவற்றையும் பத்தி எண் போட்டு, என்னால் இயன்ற அளவு சுத்தமான ஆங்கிலத்தில். மாடு ஆறாவது பத்தியில் இருந்தது. எழுதி முடித்ததும் தமிழில் படித்துச் சொன்னேன். ஒரே ஒரு இடத்தில் திருத்தம் சொன்னார்: நான் 'சக வீரர்கள்' என்று எழுதியிருந்தேன், அதை வெட்டிவிட்டு 'சிநேகிதர்கள்' என்று போடச் சொன்னார். போட்டேன்.

பிறகு காத்திருப்பு. நடையில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று பேசிவைக்காமலே இருவரும் தவிர்த்தோம். போனில் குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, எதையோ பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. ஒவ்வொன்றையும் மேனேஜர் எனக்குக் காட்டுவார். பார்த்து முடித்ததும் இருவரும் ஏரியைப் பார்ப்போம். அந்த 'இல்லை'யை அன்றே அனுப்பியிருந்தால் இதெல்லாம் அவர் கண்ணெதிரே நடந்திருக்குமே என்று நான் நினைக்காத நாள் இல்லை. அவரிடம் சொன்னதில்லை. மகள் வாரத்துக்கு ஒருமுறை எனக்கே போன் செய்து, ஏதும் வந்ததா என்று மட்டும் கேட்பாள். அங்கிள் என்று அழைப்பதை நிறுத்தியிருந்தாள்.

ஏழாவது மாதம் ஒரு காலையில் ஜெராக்ஸ் கடை அக்காவே போன் செய்தார். மேனேஜருக்கு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்தது அவர்தான்.

"சார், தாத்தாவை இட்டுகினு வாங்க. ஒரு லெட்டர் வந்துகீது. நான் படிக்க மாட்டேன்பா, படிச்சா எனக்குப் படபடன்னு வருது. நீங்களே வந்து படிங்க."

போய்ப் படித்தேன். நீட்டி முழக்காத கடிதம். முத்திரை குத்துவதற்குப் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இரண்டு முறை படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"குடுத்துட்டாங்க, மேனேஜர்."

அவர் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கடையில் ஆதாருக்கு நின்றவர்களைப் பார்த்து அக்கா அறிவித்தார்: "எங்க தாத்தா மிலிட்டரி பாஸாயிட்டாரு!" விவரம் தெரியாத இரண்டு பேர் கைகொடுத்தார்கள். மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

பாஸ்போர்ட் திரும்பி வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆறு மாதம் கேட்டிருந்தோம், மூன்று மாதம்தான் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு முறை நுழையலாம். இவ்வளவு ஆதாரம் இணைத்தவனுக்கு இது அவமரியாதையாகப் பட்டது. மறுபரிசீலனைக்கு எழுதலாம், அதற்கும் வழி இருக்கிறது என்றேன். "காணும் ஐயா, காணும். இதுக்கு மேல ஆசைப்படக்கூடாது," என்று பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பயணம் வரை அதை வெளியே வைக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

திரிசூலம் விமான நிலையத்துக்கு நானும் மனைவியும் கூடவே போய் வழியனுப்பினோம். மனைவி நார்த்தங்காய் ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள். கைப்பையில் வைக்கக் கூடாது, பெட்டிக்குள்தான் போக வேண்டும் என்று நான் எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் வீடியோவில் கூப்பிட்டார். முகத்தைவிட நெற்றியே அதிகம் தெரிந்தது. பின்னால் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"என்ன மேனேஜர், என்ன ஆச்சு?"

"ஒண்டுமில்லை. நான் தூக்கப் போனால் கத்துறாள். மீசையைக் கண்டு பயம் எண்டு மகள் சொல்லுறாள். நேத்திலயிருந்து இதே பாடுதான்."

பக்கத்திலிருந்து மகளின் குரல் கேட்டது. "அங்கிள், அப்பாவை மீசையை எடுக்கச் சொல்லுங்கோ. நான் சொன்னால் கேக்கமாட்டார்."

"எடுக்கிறதோ? விசரே," என்றார் அவர். போனைத் திருப்பிக் காட்டினார். தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பேத்தி ஒற்றைக் கண்ணால் தாத்தா இன்னும் அங்கேயே இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு விரலை நீட்டினார். மறுபடியும் வீறிட்டாள்.

"இருக்கட்டும் ஐயா," என்றார், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு. "மூண்டு மாதம் கிடக்குது. மெல்ல மெல்ல வருவாள்."